நான் எடுத்துக் கொடுத்த கறுப்பு லெக்கின்ஸ்

பொன்னேரியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். நைட்டி, சுடிதார், லெக்கின்ஸ் எல்லாம் என் பொறுப்பு. வாய் இருப்பதால்தான் இந்த வேலை கிடைத்தது என்று முதலாளியே சொல்லுவார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவளையும் வாங்க வைத்துவிடுவேன். விலை கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவளை வாசல்வரை ஓடிப்போய்க் கூட்டி வருவேன். எதையும் அடித்துப் பேசுவேன். தெரிந்ததையும் அடித்துப் பேசுவேன், தெரியாததை அதைவிடப் பலமாக அடித்துப் பேசுவேன். வீட்டிலும் அப்படித்தான்.

அக்கா எனக்கு நேர் எதிர். அவள் வாழ்க்கைப்பட்டது பழவேற்காடு ஏரிக்கரையில் பசியாவரம் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊரில். அந்த வீட்டில் வலை கிடையாது, படகு கிடையாது. கைதான் எல்லாம். தண்ணீர் வத்துகிற நேரம் பார்த்துப் பெண்கள் கூட்டமாக இறங்குவார்கள். இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைத் துழாவி, இறாலைக் கையாலேயே பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலைப் பறி. இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஆக, ஏரிக்குள் இருக்கும்வரை அக்கா பேச முடியாது. கரையேறினாலும் அவ்வளவாகப் பேச மாட்டாள். அப்பா வீட்டுப் பேச்சையெல்லாம் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டேன் போலிருக்கிறது.

மாமாவுக்கு முதுகு போய், கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்த பிறகு, அக்கா தண்ணீரில் இறங்கினால்தான் அடுப்பு எரியும் என்று ஆகிவிட்டது. அவள் கால்கள் நன்றாக இருந்தால் குடும்பம் நன்றாக இருக்கும். அவ்வளவுதான் விஷயம்.

அவள் ஏரியில் இறங்கும்போது பழைய புடவையைத் தூக்கிச் சொருகிக் கட்டியிருப்பாள். சேற்றில் கிடக்கிற சிப்பி தொடையைக் கீறிவிடும். அது கூடப் பரவாயில்லை. நனைந்த புடவையோடு எழுந்து நின்றால் உடம்பு அப்படியே தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு படகுகள் போகும். ஒருநாள் நான் கரையில் நின்றுகொண்டிருந்தபோது அப்படி ஒரு படகில் இருந்தவன் செல்போனைத் தூக்கி அக்கா பக்கம் பிடித்தான். நான் அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினேன். அக்கா சத்தமில்லாமல் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள். படகு கண்ணுக்கு மறையும்வரை எழுந்திருக்கவில்லை.

அந்தப் பொங்கலுக்குத்தான் கடையிலிருந்து கறுப்பு லெக்கின்ஸ் எடுத்துப் போனேன். நல்ல கனம், நல்ல இறுக்கம். மேலே ஒரு பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு இறங்கினால் எவன் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றும் தெரியாது, சிப்பியும் கீறாது என்று கடையில் பேசுவதுபோலவே அவளிடமும் பேசினேன். அக்கா அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்து, ஷோக்கா கீதுடி என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் பக்கத்தில் புதுத்துணியை நனைத்துவிட்டு உடுத்துகிற வழக்கம் கிடையாது. ஓரத்தில் மஞ்சள் வைத்து, சாமிக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து, அப்படியே உடுத்த வேண்டும். தண்ணீர் பட்டால் அது கோடி இல்லை, பழசு. புதுசின் வாசனைக்காகவே துணியை மூக்கில் வைத்துப் பார்ப்பவர்கள் நாங்கள். அந்த வாசனை எப்படிப்பட்டது என்று கடையில் வேலை செய்கிற எனக்குத் தெரியாதா? மூட்டையைப் பிரித்தால் கண் எரியும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும். ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டுத்தான் அடுக்கவே ஆரம்பிப்போம். கறுப்பு லெக்கின்ஸை விரித்துக் காட்டுகிற வெள்ளை விரிப்பு சாயங்காலத்துக்குள் கரி படிந்ததுபோல ஆகிவிடும். முதல் தடவை துவைக்கும்போது தனியா நனைங்கம்மா, வேற துணியில சாயம் ஒட்டிக்கும் என்று தினமும் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். வேறு துணியில் ஒட்டும் என்று தெரிந்த எனக்கு, உடம்பில் ஒட்டும் என்று ஒருநாளாவது தோன்றியதா? தோன்றவில்லை.

அக்கா மஞ்சள் வைத்தாள், போட்டுக்கொண்டாள், ஏரியில் இறங்கினாள். அரை நாள் உப்புத் தண்ணீரில் ஊறுவாள். கரையேறி, அந்த ஈரத்தோடே உட்கார்ந்து இறாலைப் பிரித்து விற்பாள். லெக்கின்ஸ் அவள் உடம்பிலேயே காயும். ஊர்ப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு துணியை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். என் தங்கச்சி எடுத்தாந்து குடுத்தது என்று எல்லாரிடமும் சொன்னாளாம். அதைக் கேட்ட பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? அந்த ஊரிலிருந்து பொன்னேரிக்கு வருகிற பெண்கள் எல்லாரும் என் கடையைத் தேடி வந்தார்கள். நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டு விற்றேன்.

வெயில் காலம் ஆரம்பித்தபோது மாமா போன் செய்தார். அக்கா ராத்திரியெல்லாம் தூங்காமல் காலைப் பிறாண்டிக்கொண்டே கிடக்கிறாள், கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள் என்றார். நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். தண்ணி சேரலடி என்றாள். ஏரியில் ஏதேதோ கம்பெனித் தண்ணீர் கலக்கிறது என்று ஊரில் எப்போதும் ஒரு பேச்சு உண்டு. ஏரியை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தப் பயம் வராமல் எப்படி இருக்கும்? நானும் வேறு எதையும் யோசிக்கவில்லை. தண்ணிதான், சந்தேகமே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தண்ணீர்தான் காரணம் என்றால் தண்ணீர் படாமல் மூட வேண்டும் அல்லவா? பழைய லெக்கின்ஸ் இற்றுப்போயிருக்கும், அது வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது, புதுசைப் போடு என்று இன்னும் கனமான ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். அடுத்த முறை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டைப் போட்டுக்கொள் என்றேன். அக்கா நான் சொன்னதையெல்லாம் செய்தாள். என்னைப் படித்தவள் என்று நினைப்பவள் அவள், பன்னிரண்டாம் வகுப்பு. துவைத்துத் துவைத்துச் சாயம் வெளுத்து, கொஞ்சம் ஆறுகிற மாதிரி வரும்போதெல்லாம் நான் ஒரு புதுசை அனுப்பியிருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் நான் போயிருந்தபோது அக்கா நடக்கவே முடியாமல் கரையேறினாள். துணி புண்ணில் ஒட்டியிருந்தது. நாலு அடி வைத்தாள், நின்றாள். பறியைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து ஈர மண்ணை இரண்டு கையாலும் வாரினாள். எங்கள் ஊர்ப் பெண்கள் மண்ணை வாரித் தூற்றினால் அது விளையாட்டு இல்லை. வாழ்நாளில் ஒருமுறை செய்வார்கள், பலர் ஒருமுறையும் செய்ய மாட்டார்கள். வயிறெரிந்து மண் தூற்றிக் கேட்டது பலிக்கும் என்று அக்கா முழுசாக நம்புகிறவள். அவள் மண்ணைத் தூக்கி எறிந்துவிட்டு, ஏரியைப் பார்த்து நின்று சொன்னாள்.

"எங் காலுக்கு இத்தப் பண்ணவங்க யாரா இருந்தாலும், அவங்க கை அழுவிப் போவணும்."

பேசாதவள் பேசினால் எப்படி இருக்கும்? சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் ஓரடி பின்வாங்கினார்கள். நான் மட்டும், நல்லா கேளுக்கா, இன்னும் கேளு என்று பக்கத்தில் நின்று தூண்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளால் ஏரியில் இறங்க முடியவில்லை. வீட்டில் அரிசி குறைய ஆரம்பித்தது. இறால் வருகிற காலம் வேறு. எனக்குப் பொறுக்கவில்லை. வரமாட்டேன் என்றவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு மின்சார ரயிலில் சென்னைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் தோலுக்குப் பார்க்கிற பிரிவில் பெண் டாக்டர் இருக்கிறார் என்று சொன்ன பிறகுதான் அக்கா எழுந்து வந்தாள்.

அங்கே திரைக்குப் பின்னால்தான் அவள் கால்களை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அதுவரை அவள் யாருக்கும் காட்டவில்லை, மாமாவுக்குக் கூட. இடுப்பிலிருந்து கீழே தோல் தடித்து, கறுத்து, வெடித்து, நீர் வடிந்துகொண்டிருந்தது. கணுக்காலுக்கு மூன்று விரல் மேலே, கோடு போட்டதுபோல, அது நின்றுவிட்டது. அதற்குக் கீழே பாதம் சுத்தமாக இருந்தது. கைகளைப் பார்த்தேன். தினமும் அரை நாள் ஏரிச் சேற்றைத் துழாவுகிற கைகள். காய்த்துப் போயிருந்தனவே தவிர ஒரு தடிப்பு இல்லை. தண்ணீர் செய்திருந்தால் கையையும் பாதத்தையும் விட்டுவைக்குமா? அந்தக் கோடு எந்த அளவு என்று டாக்டருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. கணுக்கால்வரை வரும்மா என்று சொல்லி நான் விற்கிற ரகம், நனைந்தால் மூன்று விரல் ஏறிவிடும். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணியில இறங்கும்போது என்ன போட்டுப்பீங்க என்று கேட்டார். அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள்.

"பழைய பொடவதான் டாக்டர்," என்றாள்.

நான் இல்லை என்று சொல்லிவிட்டேன். லெக்கின்ஸ், கறுப்பு, நான்தான் எடுத்துக் கொடுத்தேன், ஒன்றின்மேல் ஒன்று போடச் சொன்னதும் நான்தான் என்று கொட்டிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று சொல்வது? என்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வரவேண்டியதுதானே என்றும் நினைத்தேன்.

அடுத்த தடவை அந்த லெக்கின்ஸைக் கொண்டுவரச் சொன்னார்கள். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, எது உடம்புக்கு ஆகவில்லை என்று பார்க்க, வேறு சில மருந்துகளோடு அக்காவின் முதுகில் ஒட்டி அனுப்பினார்கள். திரும்பப் போய்ப் பிரித்துப் பார்த்தபோது துணி இருந்த இடம் மட்டும் கொப்பளித்துக் கிடந்தது. டாக்டர் நிதானமாகச் சொன்னார். இந்த மாதிரித் துணிக்குப் போடுகிற சாயத்தில் சிலது சிலர் உடம்புக்கு ஆகாது. துணி சுருங்காமல் இருக்க, மடிப்புக் கலையாமல் இருக்க இன்னும் ஏதேதோ போடுகிறார்கள். இறுக்கமாகப் போட்டு, வியர்வையிலும் தண்ணீரிலும் ஊறவிட்டால் அதெல்லாம் தோலில் இறங்கும். எல்லாருக்கும் வராது. ஆனால் ஒருமுறை உடம்பு முறைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் முறைத்துக்கொள்ளும். இனி அந்தச் சாயம் பட்டாலே வரும். எந்தப் புதுத்துணியாக இருந்தாலும் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுத்தான் போட வேண்டும், தளர்வான பருத்தியாக இருந்தால் நல்லது என்றார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இரண்டு தடவை அலசியிருந்தால் தப்பித்திருக்கலாமோ என்று கேட்டேன். சொல்ல முடியாதும்மா என்றார்.

திரும்பி வரும் ரயிலில் நான் அழுதுகொண்டே வந்தேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அது முதுகுலதானே வந்துச்சு, காலுக்கு வந்தது தண்ணிதான் என்றாள். அவளுக்குப் புரியவில்லை என்று நினைத்து நான் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

களிம்பும் மாத்திரையும் தந்திருந்தார்கள். புண் ஆற ஆரம்பித்திருக்கும் என்ற நினைப்பில், சில வாரம் கழித்து ஒரு லீவு நாளில் போனேன். வீட்டில் அக்கா இல்லை. கரைக்குப் போனால் ஏரிக்குள் இருக்கிறாள். எழுந்து வந்தபோது பார்த்தேன், நைட்டிக்குக் கீழே கறுப்பு லெக்கின்ஸ். நான் அனுப்பியதில் கடைசி ஜோடி. ரத்தம் தலைக்கேறிவிட்டது. பைத்தியமா உனக்கு, செத்துப்போகணுமா, என்னைப் பழிவாங்கவா இதைச் செய்கிறாய் என்று ஊரே பார்க்கக் கத்தினேன். அவள் பறியை மாமாவிடம் கொடுத்துவிட்டு, என்னைச் சவுக்குத் தோப்புப் பக்கம் கூட்டிப்போனாள்.

"மண்ண வாரித் தூத்திட்டேண்டி," என்றாள். "துணியாலதான்னு ஆச்சுன்னா, கேட்டது ஒங் கைமேல வந்து உழும். தண்ணியாவே இருந்துட்டுப் போவட்டும். எங் காலு தானே, போனாப் போவுது."

டாக்டரிடம் புடவை என்று சொன்னது, ரயிலில் கண்ணை மூடிக்கொண்டது, எல்லாம் அப்போதுதான் புரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரிந்த அதே நிமிஷத்தில். தெரிந்தே புண்ணின் மேல் அதைப் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கிறாள், அது காரணமில்லை என்று காட்டுவதற்காக. யாருக்குக் காட்ட? சாபத்துக்கு.

எனக்குச் சாபத்தில் நம்பிக்கை கிடையாது என்றேன். எனக்குக் கீது என்றாள். வந்து விழட்டும், எனக்கு வேண்டியதுதான் என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். கெஞ்சினேன், காலில் விழப் போனேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். லெக்கின்ஸைக் கழற்றிவிடுகிறாள், மருந்து போடுகிறாள், இனித் தொட மாட்டாள். ஆனால் துணிதான் காரணம் என்று இந்த ஊரில் ஒருத்தியிடமும் நான் வாய் திறக்கக் கூடாது. ஏரிக்கரையில் அது தண்ணீராகவே இருக்க வேண்டும். நான் சம்மதித்தேன். அவள் கால் எனக்கு வேண்டியிருந்தது.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். மாமாவின் பழைய பருத்தி வேட்டியைத் தளர்வாகச் சுற்றி, மேலே அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. தழும்பு மட்டும் கறுப்பாக நிற்கிறது. வீட்டில் பழையபடி அடுப்பு எரிந்தது. நானும் என் பங்குக்குச் சொல்லைக் காப்பாற்றினேன். கடைக்கு வருகிற மற்ற எல்லாரிடமும், அலசிட்டுப் போடுங்கம்மா என்று முதலாளி முறைக்க முறைக்கச் சொன்னேன். கோடியை யாராவது நனைப்பாங்களா என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அந்த ஊர்ப் பெண்கள் வந்தால் மட்டும் வேறு வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன். கூட வேலை செய்கிறவள் அவர்களுக்குக் கறுப்பு லெக்கின்ஸை மடித்துக் கொடுப்பாள். நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பேன். இப்படி ஒரு பிழைப்பா என்று இருக்கும்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். கரையில் அவளோடு உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுப் பெண், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், எங்களோடு இருந்தாள். பேச்சுக்கு நடுவே தொடையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். என்ன என்று கேட்டேன். அக்காவுக்கு வந்த அதே தண்ணி இப்ப எனக்கும் வந்துடுச்சுக்கா, பெரிய பேஜாரா கீது என்று சொல்லிவிட்டு, நைட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். கறுப்பு லெக்கின்ஸ். அதன் ஓரத்தைச் சுருட்டிவிட்டாள். கணுக்காலுக்கு மேலே அதே கோடு.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். என்னைப் பார்க்கவில்லை, இறாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.

"தண்ணி இல்லம்மா, இந்தத் துணிதான்," என்றேன். "அக்காவுக்கும் இதாலதான் வந்துச்சு. நான் எடுத்தாந்து குடுத்தது. நாந்தான் பண்ணேன்."

அந்தப் பெண் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்கா எழுந்தாள். பிடித்த மணிக்கட்டை விடவில்லை. என்னை இழுத்துக்கொண்டு செருப்போடு தண்ணீருக்குள் நடந்தாள். முழங்கால் அளவு வந்ததும் நின்று, என் இரண்டு கைகளையும் ஏரிக்குள் அமுக்கி, சேற்றை அள்ளித் தேய்த்து, விரல் விரலாகக் கழுவ ஆரம்பித்தாள். இவ கைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது, தெரியாம கேட்டுட்டேன், இவ கைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவ்வளவு நேரம் அவள் தொடர்ந்து பேசி நான் கேட்டதே இல்லை. போதும்க்கா என்றேன். அவள் விடவில்லை, கழுவிக்கொண்டே இருந்தாள்.